கொழு மண்ணை விட்டால்

அந்த வருடக் கணக்கேடு என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
ரை விதை, மூன்று மூட்டை.
லாடம், நான்கு.
மூங்கில், ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து,
வண்டிக்கூலி தனி.

"மூங்கில் எதற்கு?" என்றார் அப்பா.
"மீன் பிடிக்க" என்றேன்.
எங்களுக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு நாள் வண்டிப் பயணம், முழுக்கப் புதர்.
அவர் அப்புறம் கேட்கவில்லை.

ஜூட்லாந்தில் எங்கள் நிலம் மணல்.
விதைத்ததில் பாதியைக் காற்று வாரமாக எடுத்துக்கொள்ளும்.
அண்ணன் ஐவின் ஒருவன்தான்
அதனிடம் பாக்கி கேட்டவன்.

என் கல்யாணத்துக்கென்று அம்மா நெய்துவைத்த
பன்னிரண்டு விரிப்புகளில் ஒன்பது
இறக்கையாயின.
மீதி மூன்றில் இன்றும் தனியாகத்தான் தூங்குகிறேன்.
உருளைக்கிழங்குக் கஞ்சி போட்டுத் துணியை விறைப்பாக்கினோம்.
ஒரு பசு ஓரத்தை நக்கிவிட்டது.
அந்த ஓரம் கடைசிவரை தொய்ந்தே இருந்தது.

செப்டம்பர். அறுத்த தாள் காலைக் குத்தியது.
கயிற்றின் ஒரு முனை ஐவினின் பொறியில்,
மறுமுனை பில்லெயின் கழுத்துப் பட்டையில்.
பில்லெ என்றால் எங்கள் பேச்சில் வண்டு.
வண்டியளவு பெண்குதிரை.
நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

முப்பது அடி. நாற்பது.
விறைத்திருந்த கயிறு
இலேசானது.

பில்லெக்குப் பதினோரு வருடப் பழக்கம்:
கொழு மண்ணை விட்டால் நிற்க வேண்டும்.
சவுக்கில்லாமல் அப்பா பழக்கியது.
நின்றாள்.
காதை மட்டும் பின்னால் திருப்பினாள்.

அவன் வானத்தில் இருந்தான் என்று சொல்ல மாட்டேன்.
வேலிக்கு மேலே இருந்தான்.
அவன் பூட்ஸின் அடியில் ஒட்டியிருந்த சாணியை
அண்ணாந்து பார்த்தேன்.
பிறகு டர்னிப் பாத்தியில்,
வலது இறக்கை முதலில்.

குதித்தான் என்றார் பக்கத்துப் பண்ணை கிரெஸ்டன்.
காற்று தள்ளியது என்றார் பாதிரியார்.
பத்திரிகைக்காரர் சாட்சி கேட்டார்.
குதிரையைக் காட்டினேன்.
அவர் பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மணிக்கட்டு உடைந்தவன் படுக்கையில் சிரித்தான்:
"எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது."

வசந்தத்தில் எழுதியது:
வரவு, பில்லெ, முந்நூற்றுப் பத்து குரோனர்.
செலவு, எஞ்சின், முந்நூறு.
பெட்ரோல், பத்து.
அப்பா இரவல் எருதைப் பூட்டி உழுதார்.
கிழக்கே, காற்றுக்கு எதிர்முகமாக நீளும்
ஒரு துண்டை மட்டும் உழாமல்,
கல் பொறுக்கிவிட்டு வந்தார்.
'தரிசு' என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தை நிரப்ப
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எஞ்சின் எதை உணர்ந்தும் நிற்காது.
அந்தத் துண்டிலிருந்துதான் ஐவின்
கிரெஸ்டனின் கூரையைத் தாண்டினான்,
ஆற்றைத் தாண்டினான்,
எங்களையும்.

பில்லெயை வாங்கிய பீர் வண்டிக்காரரைச்
சந்தையில் ஒருமுறை பார்த்தேன்.
ஏமாற்றிவிட்டீர்கள் என்றார்.
நல்ல குதிரைதான், ஆனால்
இறக்கத்தில் பாரம் தளர்ந்தால் போதும்,
நடுத்தெருவில் நின்றுவிடுகிறது,
காதைப் பின்னால் திருப்பிக்கொண்டு.