புளியரை இறக்கம்

பழையது சத்தமில்லாமல் கிளம்பும்.
"வண்டி ஓடுதா, நிக்குதா?" என்பார்
பெட்ரோல் பங்க் பேச்சிமுத்து.
ஆடுகள் ஒதுங்காது.
எஸ் வளைவில் ஹாரன் அடித்தே
கட்டைவிரல் தேய்ந்தது.

புதியது நாலு லட்சம் குறைவு.
பேட்டரி பேருக்குத்தான்.
நின்ற இடத்தில் அணையும்,
தூக்கத்தில் எழுப்பிய பிள்ளையாய்ச் சிணுங்கி எழும்.
லிட்டருக்குப் பதினேழு.
பழையது இருபத்துமூன்று தந்தது;
ஆனால் டிக்கியில் பாதியைத் தானே தின்றது.
இப்போது புனலூர் லேபுக்குப் போகும்
ரத்தப் பெட்டி மூன்றும்
இடிக்காமல் உட்காருகின்றன.

ஏறும்போது வாங்கியதை
இறக்கத்தில் மலை திருப்பித் தரும்,
பச்சைக் கோடு கோடாய்.
புதியதில்
பிரேக் கருகும் வாடைதான் வரும்.

தவணை கட்ட முடியாமல்தான் விற்றேன்.

நேற்று கோட்டைவாசல் செக்போஸ்டில்
பின்னால் ஒரு வண்டி வந்ததே தெரியவில்லை.
கண்ணாடியில் பார்த்தால்
கே.எல். நம்பர்;
இடப்பக்க பம்பரில் என் கீறல்.
ஓட்டி வந்த சேச்சி
திரையைப் பார்க்கவில்லை,
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கிப் போய்ச் சொல்ல நினைத்தேன்:
பிரேக்கை அழுத்தி மிதிக்காதீங்க, சேச்சி,
மெல்லத் தொட்டால் போதும்,
மலையே நிறைத்துக் கொடுக்கும்.

கம்பி உயர்ந்தது.
என் வண்டிதான் இருமியது முதலில்.