ஐந்து மூடை யூரியா

நூற்றுக்கு எழுபத்திரண்டு என்று நின்றபோது
கரண்ட் போனது.
சம்மாந்துறை முழுக்க இருட்டு.
மறுகா வெளிச்சம் வந்தது, காத்தாடி சுற்றியது,
கொம்பியூட்டர் மட்டும்
தன்னைத் தானே திறக்க முடியாமல்
நீலத்தில் நின்று
மூன்று முறை அணைந்து எழும்பியது.

நான்காம் முறை கேட்டது:
எந்த நாளுக்குத் திரும்ப வேண்டும்?
பெப்ரவரி ஏழு. பெப்ரவரி மூன்று.
என்னிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.
ஏழாம் திகதி மாமியோடு ஒரு வாய்த்தர்க்கம்.
மூன்றாம் திகதி ஒன்றுமில்லை.
மூன்றைத் தொட்டேன்.

உங்கள் கோப்புகளைத் தொடமாட்டேன் என்று
முதலே சொல்லியிருந்தது. சொல் தவறவில்லை.
மகன் இன்ஷாப் ஐந்தாம் திகதி ஏற்றிய கார் விளையாட்டு
காணாமல் போயிருந்தது.
"உம்மா, என்ர பதினெட்டாவது லெவல்!"
பசளைக் கடைக் கணக்கு அப்படியே இருந்தது,
கரண்ட் போன நிமிசத்தில்
உடைந்தது உடைந்தபடி.

அலுமாரியைத் திறந்தேன்.
பிஸ்கட் டின்னுக்குள்
பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்குக் கீழே
துணி சுற்றிய ஹாட்டிஸ்க்.
கடைசியாகப் பிரதி எடுத்தது டிசம்பர் இருபத்தெட்டு.
கிழமைக்குக் கிழமை எடுக்கிறேன் என்று
எனக்கே நான் சொன்ன பொய்யின் நீளம்
ஆறு கிழமை.

அந்த ஆறு கிழமையில்தான்
பெரும்போகத்துக்கு இரண்டாம் பசளை,
வட்டை வட்டையாக வந்து
கடனுக்கு ஏற்றிப் போன காலம்.

டிசம்பர் இருபத்தெட்டு வந்து மேசையில் குந்தியது.
ஜனவரியில் கட்டித் தீர்த்தவர்கள்
திரும்பவும் கடன்காரர்.
ஜனவரியில் வாங்கினவர்கள்
ஒன்றுமே வாங்காத உத்தமர்.

போனை எடுத்தேன்.
உதுமாலெப்பை சிரித்தார்:
"கட்டிட்டன் மகள். அண்டைக்கு மழை.
நனைஞ்ச நோட்டை நீங்கதான் காத்தாடிக்குக் கீழ
காயப்போட்டீங்க."
வீரமுனைத் தாமோதரம் சைக்கிளில் வந்து
சட்டைப்பையில் இருந்து துண்டை எடுத்தார்.
சட்டையோடு தோய்த்த துண்டு, எழுத்தே இல்லை.
"ஏழு மூடை புள்ள.
எட்டெண்டு எழுதினா சண்டைக்கு வருவன்."
சிலர் போனை எடுக்கவில்லை.

நாற்பத்தோராம் வரியில்
ஆதம்பாவா காக்கா உயிரோடு இருந்தார்.
நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபா.

ஜனவரி பதினாறு, ஜனாஸா எடுக்க முந்தி
மூத்த மகன் பள்ளிவாசல் முற்றத்தில் எழும்பி
"வாப்பா ஆருக்கும் கடனெண்டா என்னிட்டக் கேளுங்க"
என்றானாம். இவர் வந்து சொன்னார்.
நாங்கள் கேட்கவில்லை.
நாலாம் நாள் அவனே வந்து எண்ணி வைத்தான்.
அந்த இரவே வரியை அழித்துவிட்டு
நிம்மதியாகப் படுத்தேன்.

இப்போது திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது,
கடனை மட்டும்,
பக்கத்தில் அவருடைய போன் இலக்கத்தோடு.

இரண்டாம் தடவை அழிப்பது
முதல் தடவை மாதிரி இல்லை.
விரல் பொத்தானில் கிடந்தது.
தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்தது.
அழித்தேன்.

ஞாயிறு இரவுக்குள் எல்லாம் சேர்ந்துவிட்டது,
ஐந்து மூடை யூரியா தவிர.
ஸ்டோரிலும் இல்லை, கணக்கிலும் இல்லை.
ஆர் ஏற்றினது என்று எனக்கு ஞாபகமில்லை.
ஏற்றினவருக்கு இருக்கும்.
எந்த வட்டையிலோ அது இப்போது கதிர்.

புதிய மீட்புப் புள்ளி ஒன்று வைத்தேன்.
பெயர் கேட்டது.
"காக்கா இல்லாத கணக்கு" என்று எழுதி, அழித்து,
"கரண்ட் போக முந்தி" என்று எழுதினேன்.
இனி ஒவ்வொரு ஞாயிறும் பிரதி எடுப்பேன் என்று
டின்னுக்குள் ஹாட்டிஸ்க்கை வைக்கும்போது
சொல்லிக்கொண்டேன்.
டின் மூடி இன்னும் சரியாக மூடுதில்லை.