ஆமைக் காசு

விளக்குத்தூண் சந்தில் என் தராசில்
வந்து அமர்ந்தது ஏஜினாத் தீவின் ஆமை.
யானைக்கல் பாலத்தடியில், வைகை மணலில்
கிடைத்ததாம். சோணைமுத்து சத்தியம் செய்கிறான்.

பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டும்.
ஒன்பதரை.
சுண்டினால் ஓசை இல்லை, இருமல்.

குட்டித் தீவு அது.
கப்பல் இருந்தவரை
காசில் நீந்தியது துடுப்புக் கால் ஆமை.
ஏதென்ஸ் கப்பல்களைப் பிடுங்கிக்கொண்ட பின்
அதே காசில் ஊர்ந்தது தரை ஆமை,
கட்டம் போட்ட முதுகோடு.

இந்த அச்சை வெட்டியவன்
கடலையே பார்த்திருக்க மாட்டான்.
எந்தக் கிணற்றடியில் பார்த்தானோ,
நாலு காலும் நகமுமாய் நிறுத்தியிருக்கிறான்.

எடை பொய். வெள்ளி பொய்.
தோற்ற பிறகு முளைத்த கால்கள் மட்டும்
அத்தனை சரி.

'இருநூறு' என்றேன்.
டீக்கும் சேர்த்துக் கேட்டான் சோணைமுத்து.