சராசரி வேகம் பத்தொன்பது

நான்கு டயரில் மூன்று ஒரே கம்பெனி.
நான்காவது, பின்னால் இடப்பக்கம்,
யாரோ ஏதோ ஓர் அவசரத்தில் வாங்கிப் போட்டது.
குறித்துக்கொண்டேன்: நூற்றிருபது யூரோ.

பிரகான்ஸாவில் ஜனவரி.
பெலார்மினு ஷெட் கதவைப் பாதிதான் தூக்கினார்,
குளிர் உள்ளே வந்துவிடுமாம்.
குனிந்து நுழைந்தேன்.
ஆயிரம் சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல்.
சாம்பலும் இல்லாத நீலமும் இல்லாத ஒரு நிறம்;
பதிவுத்தாள் அதை நீலம் என்கிறது.

எனக்கு அழகு வேண்டாம்.
விடிந்தும் விடியாமல் ஆறு ஊர்.
வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம்
ரத்தம் எடுத்துக்கொண்டு
பத்து மணிக்குள் லேபுக்குத் திரும்ப வேண்டும்.
குளிர்ப்பெட்டி பின்சீட்டில் ஆடாமல் உட்காரணும்.
மலையேற்றத்தில் மூன்றாவது கியர் போதணும்.
நூறு கிலோமீட்டருக்கு ஐந்தரை லிட்டர்;
அதற்கு மேல் குடித்தால் என் சம்பளம் தாங்காது.

சாவியைத் திருப்பினேன்.
நனைந்த நாய் உடம்பை உதறுவது போல ஒரு நடுக்கம்,
பிறகு அடங்கிற்று.
எண்ணெய் மூடியைத் திறந்து
செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன்.
எண்ணெயில் ஊறுகிற பெல்ட், ஓரத்தில் வெடிப்பில்லை.
மூடியின் உள்பக்கம் மட்டும் பாலேடு மாதிரி ஒரு படலம்,
சரியாகச் சூடேறாத எஞ்சினுக்குப் பிடிக்கும் சளி.

"முப்பத்தோராயிரம்தான் ஓடியிருக்கு"
என்றார் பெலார்மினு,
சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டுபவர் போல.

அப்போதுதான் அந்தச் சின்னத் திரையை அழுத்தினேன்.
வாங்கிய நாள் முதல் யாரும் பூஜ்யமாக்காத கணக்கு.
சராசரி வேகம்: பத்தொன்பது.

பத்தொன்பதா?
இந்த ஊரின் நெரிசலே
பள்ளிக்கூடம் விடும்போது கால்மணி நேரம்.
வகுத்துப் பார்த்தேன்.
ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் மணி நேரம்.
ஒழுங்காக ஓடிய வண்டிக்கு அது எண்பதாயிரம் கிலோமீட்டர்.

"நின்றபடியே ஓடியிருக்கிறது இந்த எஞ்சின்" என்றேன்.

"ஓட்டல் சமையலறையில் வேலை அவளுக்கு.
எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது.
ஹீட்டரைப் போட்டு வைத்திருப்பேன்.
ஈரத் தலையோடு வருவாள்."

அவ்வளவுதான் சொன்னார்.
நானும் கேட்கவில்லை.
முன்சீட், வலப்பக்கம்,
முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்த்தது சாய்த்தபடி இருந்தது.

அவர் சொன்ன விலை ஆறாயிரத்து இருநூறு.
டயருக்கு நூற்றிருபது,
பேட்டரிக்கு எண்பது,
காத்திருந்ததற்கு நானூறு, என்றேன்.
வாயில் அப்படித்தான் வந்தது.
ஐட்லிங் என்று சொல்லியிருக்கலாம்.

காது வரை சிவந்துவிட்டது மனிதருக்கு.
"டயருக்குக் கழி. பேட்டரிக்குக் கழி.
அதற்குக் கழிக்காதே."

தேய்மானம் தேய்மானம்தான் என்றேன்.
இருநூறில் முடிந்தது.
ஏமாந்துவிட்டாய் என்று
என் தம்பி அந்தோனினு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்போது ஏப்ரல். ஏழாயிரம் ஓட்டியாயிற்று.
நூறுக்கு ஐந்து புள்ளி ஏழு குடிக்கிறது.
வாலெ ஃப்ரியு ஏற்றத்தில் மூன்றாவது போதவில்லை,
இரண்டாவதுக்கு இறங்கி முனகுகிறது.
குளிர்ப்பெட்டி ஆடுவதில்லை.
பெல்ட்டுக்கு இந்த வருடம் பணம் ஒதுக்க வேண்டும்.
ஹீட்டர் மட்டும், சொல்லியாக வேண்டும், அபாரம்:
இரண்டாவது வளைவுக்குள் கால்விரல் வரை இளகிவிடுகிறது.

யாராவது கேட்டால், வாங்கலாம் என்பேன்.

நேற்று எர்மெலிந்தா கதவு திறக்கத் தாமதம்.
ஜன்னலில் விளக்கு எரிந்தது,
செருப்பைத் தேடுகிறாள் போல.
ஆஃப் செய்திருக்கலாம். வீண் பெட்ரோல்.
உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஏழு நிமிடம்.
எண் அசையவே இல்லை.
இருபத்தொன்று.