இலக்கம் பதினேழு

வெள்ளவத்தையில் மழை.
பல் வைத்தியர் பிந்தித்தான் வந்தார்.
என் துண்டில் பதினேழு,
இப்போதுதான் ஒன்பதைக் கூப்பிடுகிறார்கள்.
கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு
போன மாதத்தை நினைக்கிறேன்.

காத்மண்டுப் பள்ளத்தாக்குக்கு
முப்பத்திரண்டு பேர் போனோம்,
வாய்க்குள் பல்லைப்போலச் சரியாக முப்பத்திரண்டு.
கூட ஒரு சமையற்காரர், இரண்டு குக்கர்,
ஒரு மூட்டை குத்தரிசி.
பாட்டன் என்றோர் ஊர் வந்தது.
யாருடைய பாட்டன், யாருடைய பாட்டன் என்று
நிர்மலநாதன் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.
இறங்கியதும் அவரே வாயடைத்துப்போனார்:
மேலே போகப் போகச் சிறுக்கும் கூரைகள்,
கோபுரம் தேடிப் பழகிய கண்
எங்கே நிற்பதென்று தெரியாமல் தடுமாறியது.
கோயிற் படியில் பூசைத்தட்டை வைத்துவிட்டு
ஒருத்தி கைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள்.
மொழி விளங்கவில்லை,
ஏச்சு விளங்கியது.

பெரிய கோயில் வாசலில் காவலர்
என்னை மட்டும் மறித்து ஊர் கேட்டார்.
கொழும்பு என்றேன்.
சீருடையில் யார் நின்று ஊர் கேட்டாலும்
என் கை இன்னமும் தன்பாட்டில்
அடையாள அட்டையைத் தேடும்.
அவர் தேடியது நெற்றியை.
பொட்டைப் பார்த்தார், போ என்றார்.
அவ்வளவுதான்.
உள்ளே கொஞ்ச நேரம்
நான் சாமியைப் பார்க்கவில்லை.

சந்தையில் யோமரி தந்தாள் ஒரு பிள்ளை.
அரிசிமாவில் வால் முளைத்த மீன்,
வயிற்றுக்குள் கொதிக்கும் பாகு.
‘எங்கட கொழுக்கட்டைதானே இது’
என்றார் புவனலோஜினி அக்கா.
இல்லை அக்கா.
எள் வேறு, ஆவி வேறு,
விரலைச் சுட்ட விதமும் வேறு.
இவ்வளவு தூரம் ஏறி வந்து
எங்கட எங்கட என்று சொல்ல
எனக்கு விருப்பமில்லை.
தின்றேன். இன்னொன்று கேட்டேன்.
கடைவாயில் வேலையைத் தொடக்கியது
அந்தப் பாகுதான்.

பல்வலிக்கும் அங்கே ஒரு தெய்வம்.
சந்து மூலையில் ஒரு மரக்கட்டை,
உடம்பெல்லாம் நாணயம், நாணயமெல்லாம் ஆணி,
துருவின்மேல் துரு ஏறி முகமே இல்லை.
பக்கத்திலேயே பல் கட்டும் கடைகள்,
கண்ணாடிக்குள் இளிக்கும் செட்டுகள்.
சாமி கைவிட்டால் பத்தடியில் ஆள்.
பையின் அடியில் கிடந்த நம்மூர் இரண்டு ரூபாவை,
சுத்தியல் இரவல் வாங்கி,
கட்டையில் வைத்து அடித்தேன்.
மூன்றாவது அடி என் பெருவிரலில்.

‘பதினேழு!’

கதிரை சாய்ந்தது. விளக்கு முகத்துக்கு வந்தது.
‘எப்ப தொடக்கம் நோகுது?’
‘இமயமலையில இருந்து.’
வைத்தியர் சிரிக்கவில்லை.
ஊசியை எடுத்தார்.

காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்.
பாதி முகம் மரத்து, வாய் நிறையப் பஞ்சு.
தெஹிவளை என்று சொல்ல வராமல்
கையால் காட்டிக் காசை நீட்டினேன்.
கண்டக்டர் மிச்சம் இரண்டு ரூபாவைத்
தன்னோடு வைத்துக்கொண்டு
முன்னுக்குப் போய்விட்டார்.

கேட்க வாய் இல்லை.