நூல்சீட்டின் பின்பக்கம்

சனிக்கிழமை கரண்ட் இல்லையாம்,
ஒன்பது முதல் ஐந்து வரை, மாதாந்திரப் பராமரிப்பு.
தெருவே வைதது.
நான் மட்டும் தேதியைச்
சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தேன்,
நோம்பி வருகிற மாதிரி.

எட்டுத் தறி ஓடுகிற வீட்டில்
வலிக்கென்று தனிச் சத்தம் கிடையாது.
நாடா போய்த் திரும்புவதெல்லாம்
இடது புருவத்துக்குள்தான் போய்த் திரும்புகிறது.
மகனுக்குப் பெண் பேசியதே சைகையில்தான்,
சண்டையும் சைகையில்தான்.
தலைவலிக்கு மட்டும் சைகை இல்லை.
நெற்றியில் கை வைத்தால்
காப்பியா என்று அவர் காற்றில் டம்ளர் பிடிக்கிறார்.

வலிக்கு முன்னால் வெளிச்சம் வரும்.
பாவு நூல் ஒவ்வொன்றுக்கும் பல் முளைத்து
ரம்பமாய் ஓரத்தில் மினுங்கும்.
அறுந்த இழை எது, அறாதது எது, பிடிபடாது.
போன ஐப்பசியில் பதினோரு மீட்டர் ஓட்டைத் துணி.
கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

முப்பத்தாறு வருசம்
காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டவள்.
வட்டம் தள்ளித் தள்ளி வந்தது,
ரெண்டு மாசம் காணாமல் போனது,
ஒருநாள் சொல்லாமல் வந்து மூன்று வாரம் தங்கியது,
கடன் கேட்டு வந்த பங்காளி கணக்காக.
இப்போது எட்டு மாசமாக இல்லை.
"விட்டுது சனியன்" என்றாள் நாத்தனார் தெய்வாத்தாள்.
விட்டதுதான்.
போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போகவில்லை.

பல்லடம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா
ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. எனக்கு வருத்தம்தான்.
"நீங்க எழுதிட்டு வாங்க" என்றார்:
என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன தின்றது,
தூக்கம் உண்டா, உடம்பு வெந்ததா.
மெடிக்கல் தம்பியிடம் வாரம் எத்தனை மாத்திரை என்றார்.
சொன்னேன். பேனாவை மூடினார்.
"அசலைவிட வட்டி பெரிசாயிருச்சுங்க."

நோட்டு எதற்கு, நூல்சீட்டின் பின்பக்கம் போதும்.
முன்பக்கம்: நாற்பதாம் நம்பர், ஆறு மூட்டை, பாக்கி.
பின்பக்கம்: செவ்வாய், விடியல் நாலு, ஜாக்கெட் முதுகோடு நனைந்தது,
அப்புறம் தூங்கலை, பத்து மணிக்கு இடது.
வெள்ளி, கிருத்திகை, ஒருபொழுது, மூணு மணிக்கு இடது.
ஞாயிறு, ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று எழுதும்போது
கையெழுத்து கொஞ்சம் அழகாக வருகிறது.

ஐந்தாம் ஆறாம் தறிக்காரி மைனாவதி
நாலு சீட்டையும் எடுத்துப் படித்தாள்.
பாவில் பிசிறு தேடுகிற மாதிரி மேலிருந்து கீழே.
"உங்களுக்கு இடதுங்களா?"
பன்னிரண்டு வருசம் ஒரே தகரக் கூரை.
அவளுக்கு வலது.

இப்போது ஒரு சைகை உண்டு.
காதுமடலை இழுத்தால்
மற்றவள் தறியைப் பார்த்துக்கொள்வாள்.
நூல் அறையில் ஈரத்துண்டோடு படுப்பேன்,
கோன் பெட்டிகள் சத்தத்தைக் கொஞ்சம் குடிக்கும்.
போய்விடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.
மாத்திரை குறைந்திருக்கிறது.
கிருத்திகைக்கு இப்போதெல்லாம் சாப்பிடுகிறேன்.
முருகனிடம் சீட்டைக் காட்டினேன்,
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஒன்பதுக்குச் சரியாக
தெருவே மூச்சை விட்டது.
எங்கோ தேங்காய் திருவும் சத்தம்.
பழக்கத்தில் வாசலிலிருந்து அவர் டம்ளர் பிடித்தார்.
"வாயிலயே கேளுங்க" என்றேன்.
கேட்டார்,
தறி ஓடுகிற குரலில்.
இருவரும் திடுக்கிட்டோம்.