அடுத்த ஊர் மருந்துக்கடை

எங்கள் ஊரில் முதலில் எழுவது காற்று.
தகரக் கூரைகளைத் தட்டிப்பார்த்து
யார் வீட்டில் ஆணி தளர்ந்திருக்கிறது என்று
கணக்கெடுத்துவிட்டுப் போகும்.
அதற்கு அடுத்தபடியாக
இந்த ஊரைப் பற்றி அதிகம் தெரிந்தவள் நான்,
மருந்துக்கடை இர்மா.

படகோனியாவின் நடுவில்
ஆயிரத்து நூற்று நாற்பது பேர்,
ஒரு பெட்ரோல் பங்க்,
ஒன்றரைப் பள்ளிக்கூடம்
(மாடியைக் கட்டி முடிக்கவில்லை),
என் கடைக் கதவில் ஒரு மணி.
அது கிணுங்கும் விதத்திலேயே
வந்திருப்பது காய்ச்சலா கவலையா என்று
பாதி தெரிந்துவிடும்.

மேயர் பாசிலியோவுக்கு மூலம்.
அதனால்தான் எல்லாக் கூட்டத்திலும் நின்றபடியே பேசுகிறார்.
ஊர் அதை வீரம் என்கிறது.
சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆட்டுரோமம் கத்தரிக்கும் நவுவெல்கிர் சகோதரர்கள்
ஒரே பெண்ணை நினைத்து ஒரே நாளில்
முடி வளரும் தைலம் வாங்கினார்கள்.
அண்ணன் காலையில்,
தம்பி கடையடைக்கும் நேரத்தில்.
"வேறு யாராவது இதை வாங்குகிறார்களா?"
இருவரும் கேட்டார்கள்.
இல்லை என்றேன், இரண்டு முறை.

பள்ளி ஆசிரியை கிரிசெல்டா
மாதம் ஒருமுறை
அந்தச் சின்ன அட்டைப்பெட்டியை
பற்பசைக்கும் பஞ்சுக்கும் நடுவே ஒளித்து
மேஜைமேல் வைப்பாள்.
ஏழு வருடம்.
ஏழு வருடமும் நான்
பற்பசையைப் பற்றி மட்டுமே பேசினேன்.
பிறகு வருவதை நிறுத்திவிட்டாள்.
மனம் ஆறிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.
இந்த ஊருக்கு மூடியாக இருப்பவள் நான்.
கொதிப்பது யார் வீட்டிலோ,
ஆவி அடிப்பது என் முகத்தில்.

சென்ற ஏப்ரலில்
மாதம் இருமுறை வந்துபோகும் டாக்டர்
எனக்கே ஒரு சீட்டு எழுதினார்.
என்ன மாத்திரை என்று உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.
என் அலமாரியிலேயே இருந்தது, இரண்டாவது தட்டில்,
கை நீட்டினால் போதும்.
ஆனால் பேரேட்டில் பெயர் எழுதவேண்டும்.
சனிக்கிழமைதோறும் பேரேட்டைச் சரிபார்ப்பவன் எல்வியோ.
எல்வியோவுக்கு ஒரு அம்மா.
அம்மாவுக்கு ஒரு சலூன்.

எனவே நூற்றெண்பது கிலோமீட்டர்.
"எங்கே கிளம்பிவிட்டாய்?"
பெட்ரோல் போட்டபடி ருஃபீனோ கேட்டான்.
கண்ணாடி மாற்ற, என்றேன்.
மூக்கின்மேல் புதுக் கண்ணாடி.
ஜல்லிச் சாலை, மஞ்சள் புல், மறுபடி புல்.
வேலியோரம் நின்ற குவானாக்கோக்கள்
மென்றுகொண்டே தலை திருப்பிப் பார்த்தன.
எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரியே.

அந்தக் கடை பெரிது. மணி இல்லை.
யாருக்கும் என்னைத் தெரியாது.
அந்தச் சுகத்தில் ஒரு நிமிடம்
தோள்கள் தாமாகவே இறங்கின.

வரிசையில் எனக்கு முன்னால்
ஒரு பச்சைக் கம்பளித் தொப்பி திரும்பியது.
கிரிசெல்டா.
கையில் பற்பசை. பஞ்சு.
நடுவில்.

அப்படியானால்
அவள் நிறுத்தியது என்னிடம் வாங்குவதை மட்டும்தான்.
நான் அவ்வளவு கவனமாகப் பார்க்காமலிருந்ததை
ஏழு வருடம் தாங்கியிருக்கிறாள்.

என் சீட்டை அவள் பார்த்தாள்.
மடித்திருந்தேன், போதுமான அளவு மடிக்கவில்லை.

"இங்கே காற்று குறைவு இல்லையா," என்றாள்.
"ஆமாம், ரொம்பக் குறைவு," என்றேன்.

திரும்பும்போது அவள் வண்டி முன்னால்.
நூற்றெண்பது கிலோமீட்டரும் நான் முந்தவில்லை,
அவளும் வேகம் கூட்டவில்லை.
ஊர் எல்லையில் நிறுத்தி
பத்து நிமிடம் வெறுமனே ரேடியோ கேட்டேன்,
சேர்ந்து வந்ததாகத் தெரியக்கூடாதே.

திங்கட்கிழமை ருஃபீனோ
என் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு
துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"டீச்சர் வண்டியிலும் இதே சிவப்புத் தூசிதான்," என்றான்.
அப்புறம் என் கண்ணாடியைப் பார்த்தான்,
பழையதைத்தான் போட்டிருந்தேன்.
"நல்லா இருக்கு," என்றான்,
"புதுசு."